சாவியோடு கொடுத்த இதயம்: யூட்டா பல்கலைக்கழகத்தின் ஒரு துறை பிறந்த கதை

சித்தப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பெரும்பாலும் கூடப் போவது நான்தான். ஒரு தடவை உட்கார்ந்தால் நாலு மணி நேரம். அவர் தூங்குவார், நான் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தூக்கம் வராமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இதை எவன்டா கண்டுபிடிச்சான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் டியூப் மாட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் தம்பி திரும்பி, "கோல்ஃப்னு ஒரு டச்சுக்காரர் ஐயா. அவரேதான் பின்னாடி செயற்கை ஹார்ட்டும் செஞ்சார்னு காலேஜ்ல சொன்னாங்க" என்றார்.

கிட்னி மெஷின் செஞ்சவரே இதயமும் செஞ்சாரா? அந்தக் கேள்வியில் ஆரம்பித்த வாசிப்பு என்னை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி என்ற மலையடிவார ஊரில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத் துறையில் கொண்டுபோய் விட்டது. இரண்டு மாதமாக எடுத்த குறிப்புகளைத் தொகுத்து எழுதியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

வில்லெம் கோல்ஃப் 1911ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்தவர். 1938ல் கிரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தபோது, சிறுநீரகம் செயலிழந்த ஒரு விவசாயியின் மகன் அவர் கண்முன்னே செத்துப்போகிறான். அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான். ரத்தத்தில் சேர்ந்த யூரியாவைத் தினமும் கொஞ்சம் வெளியே எடுக்க முடிந்தால் போதும், இவன் பிழைத்திருப்பானே என்பது கோல்ஃபின் எண்ணம். யோசனை எளிமையானது. செய்யத்தான் ஆளில்லை.

அப்புறம் போர் வந்தது. 1940 மே மாதம் ஜெர்மன் படை உள்ளே நுழைந்த நாளில் கோல்ஃப் ஒரு சாவு வீட்டுக்காக ஹேக் நகரத்துக்குப் போயிருந்தார். அங்கேயே நாலே நாளில் ஒரு ரத்த வங்கியை உருவாக்கிவிட்டார். ஐரோப்பியப் பெருநிலத்தின் ஆரம்பகால ரத்த வங்கிகளில் அதுவும் ஒன்று. கிரோனிங்கனில் அவருடைய பேராசிரியர் யூதர். படையெடுப்பு நடந்த சில நாட்களில் அவரும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த இடத்துக்கு நாஜி ஆதரவாளர் ஒருவர் வந்ததும், அவருக்குக் கீழே வேலை பார்க்க மாட்டேன் என்று கோல்ஃப் காம்பன் என்ற சிறிய ஊரின் மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

செயற்கை சிறுநீரகம் பிறந்தது அந்தச் சின்ன ஊரில்தான். கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது. அரைத்த இறைச்சியை அடைத்து விற்பார்களே, சாசேஜ், அதற்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாய்தான் வடிகட்டி. ஒரு பெரிய உருளையைச் சுற்றி அந்தக் குழாயைச் சுருட்டி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் பாதி முழுகும்படி வைத்துச் சுழற்றுவார்கள். சுழலும் உருளைக்குள் ரத்தம் ஒழுகாமல் போய்வர ஒரு இணைப்பு வேண்டுமே? அதற்கு ஃபோர்டு காரின் வாட்டர் பம்ப்பில் இருந்த அமைப்பைப் பார்த்துக்கொண்டார். ஊரில் இருந்த எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் முதலாளி தொட்டியும் மற்ற பாகங்களும் செய்துகொடுத்தார்.

முதல் நோயாளி 1943 மார்ச்சில், 29 வயதுப் பெண். பன்னிரண்டு தடவை அவருடைய ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டார்கள். கடைசியில் ஊசி குத்த ரத்தக்குழாய் மிச்சமில்லாமல் போய் நிறுத்த வேண்டிவந்தது. இறந்துவிட்டார். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் பதினைந்து சொச்சம் பேருக்குச் செய்தும், "மெஷினால்தான் பிழைத்தார்" என்று கைகாட்ட ஒருவர்கூட இல்லை. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பதினைந்து சாவுக்குப் பிறகும் அடுத்த ஆளுக்கு மெஷினைத் தயார் செய்கிற மனுஷனை என்ன சொல்வது? பிடிவாதமா, கல்மனசா?

1945 செப்டம்பரில் ஒரு அம்மாள் பிழைத்தார். அவருக்கு வயது 67. நாஜிகளுக்கு ஒத்துழைத்ததாகச் சிறையில் இருந்தவர். ஊரில் பலருக்கு அந்தம்மா சாவதில் ஆட்சேபணையே இல்லை. கோல்ஃப் அதைப் பார்க்கவில்லை, மெஷினை ஓட்டினார். அந்தம்மா கண் விழித்தார், அதன்பின் சில ஆண்டுகள் வாழ்ந்து, சிறுநீரகத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் இறந்தார். போர் முடிந்ததும் கோல்ஃப் தன்னிடம் இருந்த மெஷின்களை லண்டன், நியூயார்க், மான்ட்ரியல் என்று இலவசமாக அனுப்பிவைத்தார். காப்புரிமையும் வாங்கவில்லை.

1950ல் அமெரிக்கா போய் கிளீவ்லண்ட் கிளினிக்கில் சேர்கிறார். அங்கே பழச்சாறு வரும் டின்னைச் சுற்றிக் குழாயைச் சுருட்டி, தூக்கிப்போடக்கூடிய சின்ன டயாலைசர் செய்தார். கிட்னி செய்யலாம் என்றால் இதயம் ஏன் முடியாது என்று அடுத்த கேள்விக்குத் தாவியதும் அங்கேதான். 1957ல் அவரும் ஜப்பானிய மருத்துவர் அகுட்சுவும் ஒரு நாயின் இதயத்தை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கில் செய்த இதயத்தை வைத்தார்கள். நாய் சுமார் ஒன்றரை மணி நேரம் உயிரோடு இருந்தது.

இனிமேல்தான் யூட்டா.

அறுபதுகளில் யூட்டா பல்கலைக்கழகம் பெரிய பெயர் பெற்ற இடம் கிடையாது. ஆனால் அங்கே ஏதோ ஒரு காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஹோமர் வார்னர் என்ற இதயநோய் மருத்துவர், நோயறிதலில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1964ல் அவர் தலைமையில் உயிர் இயற்பியலும் பயோ இன்ஜினியரிங்கும் சேர்ந்த ஒரு துறை அங்கே உருவானது. அது பின்னால் மருத்துவத் தகவலியல் என்ற வேறு பாதையில் போய்விட்டது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸின் ஆரம்பகால முன்னோடிகள் பலரும் அதே வளாகத்தில்தான் இருந்தார்கள். 1969ல் இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் முதலில் இணைந்த நாலு இடங்களில் யூட்டாவும் ஒன்று. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஃப்ளெட்சர் இங்கிருந்து நேராக நாசாவின் தலைவராகப் போனவர். அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் கீத் ரீம்ட்ஸ்மா, அதற்கு முன் சிம்பன்சியின் சிறுநீரகத்தை மனிதனுக்குப் பொருத்திப் பார்த்தவர். இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் இடத்துக்கு 1967ல் கோல்ஃப் வந்தார்.

வந்தவருக்கு இரண்டு நாற்காலி. மருத்துவக் கல்லூரியில் செயற்கை உறுப்புகள் பிரிவு, பொறியியல் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் நிறுவனம், இரண்டுக்கும் அவரே தலைவர். கேட்க நிர்வாகச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் இந்தத் துறையின் கதையே இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. டாக்டருக்கு வேண்டியது இன்ஜினியருக்குப் புரியாது, இன்ஜினியர் செய்வதை டாக்டர் நம்பமாட்டார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்த இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு மைதானமாவது இருக்கும். கோல்ஃப் இரண்டு பக்கமும் ஆபீஸ் வைத்துக்கொண்டு நடுவே ஆட்களை ஓடவிட்டார். வேதியியல்காரர், விலங்கு மருத்துவர், பாலிமர் நிபுணர், அறுவை சிகிச்சையாளர், பட்டறையில் அச்சு வார்ப்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். 1974ல் பயோ இன்ஜினியரிங் முறையான தனித் துறையானது. அமெரிக்காவிலேயே பழைய பயோ இன்ஜினியரிங் துறைகளில் அதுவும் ஒன்று. முறையாகத் துறை பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே வேலை ஆரம்பித்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

கோல்ஃபுக்கு ஒரு பழக்கம். ஆய்வகத்தில் உருவாகும் ஒவ்வொரு செயற்கை இதயத்துக்கும், அதில் உழைத்துக்கொண்டிருக்கும் இளைஞரின் பெயரை வைத்துவிடுவார். அப்போதுதான் ஆள் ஓடிவிடாமல் ராப்பகலாக உட்கார்ந்து செய்வான் என்ற கணக்கு. க்ளிஃபர்ட் க்வான்-கெட் என்பவர் செய்தது க்வான்-கெட் இதயம். 1971ல் ராபர்ட் ஜார்விக் என்ற பையன் வந்து சேர்ந்தான். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் இத்தாலிக்குப் போய் இரண்டு வருஷம் படித்துவிட்டுத் திரும்பியவன். கையில் நல்ல தொழில் இருந்தது. அவன் பெயரில் ஜார்விக்-3, ஜார்விக்-5, ஜார்விக்-7 என்று வரிசையாக வந்தன. நடுவில் யூட்டாவிலேயே மருத்துவப் பட்டமும் வாங்கிவிட்டார் (இனி "ர்" போடுவோம்).

விளைவு என்னவென்றால், நூற்றுக்கணக்கானவர்கள் பல வருஷம் சேர்ந்து செய்த ஒரு பொருள், உலகத்துக்கு ஒரே ஆளின் கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. உற்சாகப்படுத்த வைத்த பெயர் பின்னால் பெரிய சச்சரவானது. இதில் இன்னொரு வேடிக்கை, பால் வின்ஷெல். டிவியில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசுவாரே, அந்த மாதிரி கலைஞர். அவர் 1963லேயே ஒரு செயற்கை இதயத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், அதை யூட்டாவுக்கே தானமாகக் கொடுத்தார். ஜார்விக்-7ல் அதன் பங்கு எவ்வளவு என்று இன்னமும் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை.

ஆய்வகத்தின் நிஜமான தினசரி வேலை கன்றுக்குட்டிகள். மனித மார்புக்கு ஏறக்குறையப் பொருந்தும் அளவு பம்பை அதற்குள்தான் வைத்துப் பார்க்க முடியும். டான் ஓல்சன் என்ற விலங்கு மருத்துவர்தான் இதில் மன்னன். கன்றுகளுக்குச் செல்லப்பெயர் வைப்பார்கள். டென்னிசன் என்று ஆங்கிலக் கவிஞர் பெயரில் ஒரு கன்று, செயற்கை இதயத்தோடு 268 நாள் இருந்தது. அதற்கு மேல் போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கன்று வளரும், பம்ப் வளராது! மாடாகிக்கொண்டே போகிற உடம்புக்குக் கன்றுக்கான பம்பின் ரத்த ஓட்டம் போதாமல் போய்விடும். வளர்ந்து முடிந்த ஒரு மனிதனுக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கன்றுக்குட்டியால் சொல்ல முடியாது.

அப்போ மனிதன்தான்.

இங்கே ஒரு முன்கதை தேவை. 1969ல் ஹூஸ்டனில் டென்டன் கூலி, மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க ஒருவருக்குச் செயற்கை இதயம் வைத்தார். 64 மணி நேரம் ஓடியது. மாற்று இதயம் வைத்த கொஞ்ச நேரத்திலேயே நோயாளி இறந்தார். யாரிடமும் முறையாக அனுமதி வாங்கவில்லை, பக்கத்து ஆய்வகத்தில் உருவான கருவி என்று பெரிய ரகளை. 1976ல் அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கும் அரசு அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆக, யூட்டாக்காரர்கள் காம்பன் பாணியில் "செஞ்சு பார்த்துடுவோம்" என்று இறங்க முடியாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, அப்புறம் எஃப்டிஏ. 1981ல் அனுமதி கிடைத்தது. பதினோரு பக்க ஒப்புதல் படிவம். அதை நோயாளி ஒரு தடவை படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், 24 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். நடுவில் மனசு மாறினால் மாறிக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போட்டவர் பார்னி கிளார்க். சியாட்டில் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர், 61 வயது. இதயத் தசை தளர்ந்து, எழுந்து பாத்ரூம் போகவே முடியாத நிலை. வயதின் காரணமாக மாற்று இதயத்துக்குத் தகுதியில்லை. முன்பே ஆய்வகத்துக்கு வந்து, இயந்திர இதயத்தோடு நின்ற கன்றுகளைப் பார்த்துவிட்டுப் போனவர். 1982 நவம்பர் கடைசியில் சால்ட் லேக் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை வைத்திருந்த ஆபரேஷனை, நிலைமை மோசமானதால் முந்தின ராத்திரியே ஆரம்பித்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டிசம்பர் 2 காலையில் வில்லியம் டெவ்ரீஸ் என்ற அறுவை சிகிச்சையாளர் முடித்தபோது, கிளார்க்கின் மார்புக்குள் ஜார்விக்-7 அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மாற்ற வேண்டும் என்றில்லாமல் நிரந்தரமாக வைத்த முதல் செயற்கை இதயம் அதுதான்.

அது எப்படிப்பட்ட பொருள் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பிளாஸ்டிக் அறைகள், ஒவ்வொன்றிலும் பாலியூரிதேன் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் காற்று. காற்றை அடித்தால் சவ்வு உப்பி ரத்தத்தைத் தள்ளும், காற்றை விட்டால் அறை மறுபடி நிரம்பும். இரண்டு அறைகளையும் ஒட்டிவைத்திருந்தது வெல்க்ரோ. ஆமா, செருப்பிலும் ஸ்கூல் பையிலும் வருகிற அதே வெல்க்ரோ. காற்று வருவதற்கு வயிற்றின் வழியாக இரண்டு குழாய்கள் வெளியே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கம்ப்ரஸரில் முடியும். குழாய்களின் நீளம் ஆறடி. கம்ப்ரஸர் வண்டியின் எடை நூற்றைம்பது கிலோவுக்கு மேல். அந்த ஆறடிதான் கிளார்க்கின் உலகம்.

கூடவே ஒரு சாவியும் அவரிடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்ப்ரஸரை நிறுத்துகிற சாவி. கோல்ஃப் இதை வெளிப்படையாகவே சொன்னார்: வாழ்க்கையை நீட்டித்துக்கொண்ட மனிதனுக்கு, அது வாழத் தகுந்ததாக இல்லை என்று அவரே நினைத்தால் அதை முடித்துக்கொள்ளவும் உரிமை உண்டு.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். எந்த மருத்துவரும், அதுவும் அந்தக் காலத்தில், இப்படிச் சொன்னதாக நான் படித்ததில்லை. தன் மெஷின் தோற்கலாம் என்பதையும், தோல்வியைத் தீர்மானிப்பது டாக்டர் இல்லை என்பதையும் ஒரே வாக்கியத்தில் ஒத்துக்கொள்கிறார். பதினைந்து சாவுகளைக் கடந்து வந்த அந்தக் காம்பன் டாக்டரைக் கல்மனசுக்காரர் என்று நினைத்தேன் இல்லையா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதி வாபஸ்.

மீதிப் பாதி ஏன் என்றால், நடந்தது அப்படி.

சில நாட்களிலேயே நுரையீரலில் காற்றுக் கசிவு, மறுபடி ஆபரேஷன். டிசம்பர் 7 அன்று தொடர் வலிப்பு. அதற்கடுத்த வாரம் செயற்கை இதயத்தின் இடது பக்கத்தில் இருந்த வால்வின் கம்பி வெல்டிங்கில் உடைந்தது. இடது அறையை மட்டும் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். வெல்க்ரோ அப்போது உபயோகப்பட்டது. பிறகு மூக்கிலிருந்து நிற்காத ரத்தக்கசிவு. நிமோனியா. இத்தனைக்கும் நடுவே வாரக்கணக்கில் மனக்குழப்பம். தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெளிவில்லாத நாட்கள்.

வெளியே, மருத்துவமனையின் கேன்டீனில் நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் பல்கலைக்கழகத் துணைத்தலைவர் சேஸ் பீட்டர்சன் வந்து நிலவரம் சொல்வார். துறையின் பெயர் உலகம் முழுக்கப் போனது அந்த நாட்களில்தான். மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு பேட்டி ஒளிபரப்பானது. டெவ்ரீஸ் கேட்க, கிளார்க் மெல்ல பதில் சொல்கிறார்: சாவுதான் மாற்று என்றால் இது செய்துகொள்ளத் தக்கதுதான் என்ற பொருளில். அவர் ஆசைப்பட்டது அடுத்து வருபவர்களுக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று மனைவி யூனா லாயும் சொன்னார்.

1983 மார்ச் 23 அன்று இறந்தார். 112 நாட்கள். ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தொன்பது லட்சம் துடிப்பு. இறந்தபோது இதயம் நிற்கவில்லை. குடலில் ஆரம்பித்த அழற்சியில் உறுப்புகள் ஒவ்வொன்றாக விழ, உடம்பு முடிந்துபோனது. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அதை நிறுத்தியது மருத்துவர்கள்தான்.

அந்தச் சாவியை கிளார்க் பயன்படுத்தவே இல்லை.

அப்போ சாவி கொடுத்தது சரியாகப் போச்சு, அவர் வாழத்தான் விரும்பினார் என்று சொல்லிவிடலாமா? சட்டப் பேராசிரியர் ஜார்ஜ் அன்னஸ் அந்தப் பதினோரு பக்கப் படிவத்தைப் பிரித்து மேய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். படிவம் வெற்றியைப் பற்றிப் பேசுகிறது, சாவைப் பற்றிப் பேசுகிறது. நடுவில் இருக்கும் நிலையைப் பற்றி, அதாவது உயிர் இருக்கிறது ஆனால் தெளிவு இல்லை, அப்போது யார் முடிவெடுப்பது என்பதைப் பற்றி, போதுமானபடி பேசவில்லை. கிளார்க் பல வாரங்கள் இருந்தது அந்த நடு நிலையில்தான். தலைமாட்டில் சாவி இருக்கிறது. சாவியைத் திருப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மனசு வலிப்புக்குப் பிறகு மங்கிக் கிடக்கிறது.

அன்னஸ் தன் தலைப்பில் ஒரு சிங்கத்தையும் முதலைகளையும் சேர்த்திருந்தார். உவமை கிறிஸ்டியன் பர்னார்டுடையது, முதல் மாற்று இதயம் வைத்தவர். சிங்கம் துரத்த ஓடிவருகிறவன், ஆற்றில் முதலை இருந்தாலும் குதிப்பான், துரத்தாதவன் குதிக்க மாட்டான். சாகக் கிடப்பவனுக்கு முடிவெடுப்பது கஷ்டமே இல்லை என்பது பர்னார்டின் கருத்து. அப்படிப்பட்டவன் போடுவதைச் சம்மதம் என்று சொல்லலாமா என்பது அன்னஸின் கேள்வி. நம்ம ஊர்ப் பழைய கதையில் யானை துரத்தக் கிணற்றுக்குள் கொடியைப் பிடித்துத் தொங்குகிறவன் ஞாபகம் வந்தது. கீழே பாம்பு, வாயில் ஒரு சொட்டுத் தேன். அவனிடம் போய்ப் பதினோரு பக்கம் நீட்டினால் கையெழுத்துப் போடாமலா இருப்பான்?

துறைக்கு என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். எஃப்டிஏ ஏழு பேருக்கு அனுமதி கொடுத்திருந்தது. யூட்டாவில் இரண்டாவது ஆள் வரவேயில்லை. நெறிமுறைக் குழு எல்லாவற்றையும் மறுபடி பரிசீலிக்க ஆரம்பித்து, ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. டெவ்ரீஸுக்குப் பொறுமை போனது. நூறு இதயங்கள் வரை செலவை ஏற்கிறோம் என்று சொன்ன ஹ்யூமனா என்ற தனியார் மருத்துவமனைக் குழுமத்துக்கு, லூயிவில் நகருக்கு, 1984ல் போய்விட்டார். அங்கே வில்லியம் ஷ்ரோடர் என்பவர் ஜார்விக்-7 உடன் 620 நாள் இருந்தார், பல பக்கவாதங்களோடு. நிரந்தரமாக அந்த இதயம் வைக்கப்பட்டவர்கள் உலகத்திலேயே மொத்தம் ஐந்து பேர்தான். கோல்ஃப் மெடிக்கல் என்று ஆரம்பித்த கம்பெனி ஜார்விக் தலைமையில் சிம்பயான் ஆனது, கோல்ஃபின் பெயர் பலகையிலிருந்து போனது. 1990ல் எஃப்டிஏ அனுமதியைத் திரும்பப் பெற்றது.

பலர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள், தோற்றுப்போன சாகசம் என்று. அது சரியில்லை. 1985ல் அரிசோனாவின் டூசான் நகரில் ஜாக் கோப்லண்ட், அதே ஜார்விக்-7ஐ மாற்று இதயம் கிடைக்கும்வரை ஒரு பாலமாக மட்டும் வைத்து, நோயாளியைப் பிழைக்கவைத்தார். நிரந்தரமாக இல்லை, சில நாள், சில வாரம். அந்த வழியில்தான் அந்த இதயம் வேறு பெயரில், வேறு கம்பெனி வழியாக, 2004ல் முறையான அனுமதி பெற்றது. கூலி 1969ல் அனுமதியில்லாமல் செய்யப் பார்த்தது இதைத்தான்!

யூட்டாவில் இதயம் போன பிறகு மிஞ்சியது என்ன? ஷ்ரோடருக்குப் பக்கவாதம் ஏன் வந்தது என்று கேட்டால், பதில் பம்ப்பில் இல்லை, பரப்பில். ரத்தம் எந்தப் பொருளைத் தொட்டாலும் சில நொடிகளில் அதன்மேல் புரதம் ஒரு படலமாக ஒட்டும், பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிற மாதிரி. அந்தப் படலத்தைப் பார்த்துத்தான் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். ஒட்டினால் கட்டி, கட்டி பிய்த்துக்கொண்டு போனால் மூளையில் அடைப்பு. துறையின் ஜோசப் ஆண்ட்ரேட் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது இந்தப் புரதப் படலத்தைத்தான். கேமரா வராத வேலை. டயாலிசிஸ் டியூப் முதல் ரத்தக்குழாய் ஸ்டென்ட் வரை, ரத்தத்தைத் தொடும் எதைச் செய்பவருக்கும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

ஸ்டீஃபன் ஜேக்கப்சன் கையில்லாதவர்களுக்கு ஒரு கை செய்தார். மிச்சமிருக்கும் தசையில் எழும் மின்குறிப்பைப் பிடித்து முழங்கையை மடக்கும் மின்சாரக் கை. 1981ல் விற்பனைக்கு வந்தது, பெயரே 'யூட்டா கை'. பார்வையற்றவரின் மூளையில் மின்முனை வைத்து ஒளிப்புள்ளிகளைத் தெரியவைக்க முடியுமா என்று எழுபதுகளில் வில்லியம் டோபெல் கோல்ஃபின் கூடாரத்தில் முயன்று பார்த்தார். அந்த ஆசையின் வாரிசு என்று ரிச்சர்ட் நார்மனின் கருவியைச் சொல்வேன். மிளகு அளவு, நாலு மில்லிமீட்டர் சதுர சிலிக்கான் துண்டில் பத்துக்குப் பத்தாக நூறு ஊசிகள். மூளையின் மேற்பரப்பில் பதித்தால் நரம்புசெல்களின் பேச்சைத் தனித்தனியாகக் கேட்கலாம். கைகால் அசைக்க முடியாத ஒருவர் 2004ல் வெறும் நினைப்பால் திரையில் கர்சரை நகர்த்தியது இந்த 'யூட்டா அரே' வைத்துத்தான். மூளையில் சிப் என்று இன்று வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த ஊசிப்படுக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்ஃப் 1997வரை அங்கேதான் வேலை பார்த்தார். 2002ல் லாஸ்கர் விருது கிடைத்தது, இதயத்துக்கு இல்லை, சிறுநீரகத்துக்கு. 2009ல், 98 வயதை எட்ட மூன்று நாள் இருக்கும்போது இறந்தார்.

போன வாரம் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். சாசேஜ் தோல் கதைக்குச் சிரித்தார். பல் டாக்டர் கதைக்குச் சிரிக்கவில்லை. சாவியைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தம்மாகிட்டயும் ஒரு சாவி குடுத்திருக்கணும்டா" என்றார்.

அப்புறம் டெக்னீஷியன் தம்பியைக் கூப்பிட்டு, "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று கேட்டார்.

"ஒண்ணே கால் மணி நேரம்தான் ஐயா."